முப்பத்தொன்றாம் நம்பர் செல் எங்கே போனது?

கடலடியில் முள்ளுப் பந்தாகக் கிடக்கிற கடல் முள்ளெலியின் கருவுக்குள் எந்தச் செல் எங்கே நகர்கிறது என்று கணினியில் படம் படமாகப் பார்த்து நம்பர் போடுவது என் தொழில். சென்னைக்குப் போனால்தான் கடலையே பார்க்கிற திருத்தணிக்காரிக்கு இப்படி வாய்த்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தோழிகளே, உங்களுக்குப் புரியும்: "என் சாக்ஸ் எங்கே?" என்று யாரும் கேட்காத அந்தக் காலை பத்து முதல் பன்னிரண்டை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பால் பொங்கிய நாள்

கரு முதலில் வெறும் பந்து. ஒற்றை அடுக்குச் சுவர், உள்ளே காலியிடம். அடிப்பக்கம் லேசாகத் தட்டையாகும். அங்கிருக்கும் சில செல்கள் பக்கத்துச் செல்லின் பிடியை விட்டு, மெதுவாக உள்ளே நழுவும். மூன்றாம் விசிலுக்குப் பொறுக்காமல் குக்கரைத் திட்டுகிறவள் நான். அன்று கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரமோ. மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க ஆபீசிலிருந்து வந்த வீட்டுக்காரர் சொன்னார்: "பாலு பொங்கி மேடையெல்லாம் ஓடிகினு கீது. நீ இன்னாத்தப் பாத்துகினு கீற?"

பதினேழும் இருபத்துமூன்றும்

நழுவிய செல்கள் மயிரிழைக் கைகளை நீட்டி, சுவரைத் தடவித் தடவி அலையும். பிறகு யாரும் சொல்லாமலே வட்டமாக உட்காரும். அந்த வட்டத்தைப் பார்க்கிற அவசரத்தில் நடுவில் பத்துப் படங்களைத் தாண்டிவிட்டேன். அதற்குள் பதினேழும் இருபத்துமூன்றும் உரசிக்கொண்டு கடந்திருக்கின்றன. நம்பர் இடம் மாறிப்போயிற்று.

என் வேலையைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்து ஹேமா போன் செய்தாள். வயசில் என் மகள், குரலில் என் கான்வென்ட் சிஸ்டர். "ஆண்ட்டி, பதினேழோட பேர்ல இருபத்துமூணு வந்து உக்காந்திருக்கு. இன்னொரு ஃபைல் இப்படித் தப்பா வந்தா, வேலையை வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும்."

வாய் எப்போது வரும்?

அடுத்து, சுவர் உள்ளே குழியும். குழி குழாயாகும், குழாய் நீளும். ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படியில் நாலு நாலாக நின்றவர்கள் இடித்துப் புகுந்து ரெண்டு ரெண்டானால் வரிசை நீளுமே, அப்படி. நுனியிலிருக்கும் செல்கள் எதிர்ச்சுவருக்கு நூல் வீசி இழுக்கும். குழாய் போய்ச் சேர்கிற இடம் வாய். முதலில் குழிந்த இடம் ஆசனவாய். கனவு கண்டவள்போல இதை வீட்டுக்காரரிடம் சொல்லித் தொலைத்தேன். "ஆங்... அதுங்களுக்கு வாய் கடைசியாத்தான் வருதா? குடுத்து வச்ச ஜென்மம்!"

அறுந்த இழை

அடுத்த ஃபைலில் முப்பத்தொன்றாம் செல் இன்னொன்றின் பின்னால் போய் மங்கியது. மூன்று படங்களில் ஆளையே காணோம். நாலாவதில் ஒரே மாதிரி இரண்டு நிற்கின்றன. எது நம்முடையது? பரீட்சையில் ஒரு கேள்வியைக்கூட விட்டுப் பழக்கமில்லாதவள், இடதுபக்கம் நின்றதற்கு நம்பர் போட்டேன். தப்பானால் என் பத்து மணி போச்சு.

எனக்கு முன்பிருந்தே இந்த வேலை செய்யும் அம்மையார்குப்பத்துச் சுலோச்சனாவைக் கூப்பிட்டேன், தறி வீட்டுக்காரி. "நூல் எங்க அறுந்துச்சோ, அங்க அறுந்துச்சுன்னு சொல்லுக்கா. வேற இழையை இழுத்து முடிச்சு போட்டா பொடவை பூரா பொய்தான்."

நம்பரை அழித்து, 'இந்த இடத்தில் தெரியவில்லை' என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பத்து மணிக்கு உட்கார்ந்து சாக்ஸ் மடித்தேன். மூன்றாம் நாள் ஹேமா கூப்பிட்டாள். "நாங்க நாலு பேர் பாத்தோம் ஆண்ட்டி, எங்களுக்கும் தெரியல. அடுத்த கரு அனுப்பறேன்."

இருபத்தைந்து வருஷமாக எல்லாம் தெரிந்தவளாக இந்த வீட்டை ஆண்டதற்குக் கிடைக்காத மரியாதை ஒரே ஒரு 'தெரியவில்லை'க்குக் கிடைத்ததை வீட்டுக்காரரிடம் மட்டும் நான் சொல்லப்போவதில்லை.