நடுவில் கறுக்காத தாள்

வெந்த துணிக்கென்று ஒரு மணம் உண்டு. இட்லித் துணியின் மணமுமல்ல, இஸ்திரிப் பெட்டியின் மணமுமல்ல, இரண்டுக்கும் நடுவே நிற்கும் அந்த மணம் என் அம்மாவின் சேலையிலிருந்து ஒருநாளும் போனதில்லை. புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில், ஆபரேஷன் கத்திகளையும் துணிகளையும் நீராவியில் வேகவைக்கும் மிஷினுக்கு அம்மாதான் பொறுப்பு. வீட்டில் நாங்கள் அதற்கு வைத்த பெயர் "பெரிய குக்கர்".

தினமும் காலையில் முதல் வேலையாகத் துண்டுகளை அடுக்கி, அவற்றின் நடுவில் ஆவி பட்டால் கறுக்கும் ஒரு தாளை வைத்துக் குக்கரை ஓடவிடுவார். தாள் முழுக்கக் கறுத்தால் ஆவி உள்ளே வரை போயிருக்கிறது. நடுவில் வெளுத்திருந்தால் எங்கோ காற்று தங்கிவிட்டது, அதைச் சரிசெய்யும்வரை எதையும் வேகவைக்கக் கூடாது. பள்ளிக்கூடம் போகும் வழியில் எட்டிப் பார்த்து, "கறுத்துச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவது என் வழக்கம்.

அப்பாவின் தங்கையான என் அத்தை அங்கேதான் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்தார். ஆபரேஷன்தான் என்று ஆனபின், ஊர் வழக்கப்படி ஜோசியரிடம் நேரம் குறித்து வாங்கிவந்திருந்தார்கள்: வியாழக்கிழமை, காலை. அன்றைக்கென்று பார்த்துத் தாளின் நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் இடம் கறுக்கவில்லை. முந்தைய நாள் வேகவைத்த கத்தி, துணிக் கட்டுகளும் தீர்ந்திருந்தன.

"ஒரு தாளுக்காக எந் தங்கச்சிக்குக் குறிச்ச நேரத்தக் கெடுக்கப் போறியா?" என்று அப்பா கத்தினார்.

"நடுச்சோறு வேகாம ஒலைய எறக்குவீங்களா? இது அவ வயித்துக்குள்ள போற கத்திங்க" என்றார் அம்மா.

மெக்கானிக் வந்து கதவு ரப்பரை மாற்றி, மறுபடி தாள் வைத்துப் பார்த்து, குழந்தை பிறந்தபோது நல்ல நேரம் போய் ராகு காலம் வந்திருந்தது. பெண் குழந்தை, கயல்விழி. அவளுக்குச் சளி பிடித்தாலும், கணக்கில் தோற்றாலும், வந்த வரன் தட்டிப்போனாலும், "எல்லாம் ஒன் ஆத்தா குக்கரு செஞ்ச வேல" என்று அத்தை என்னிடம் சொல்லிக்காட்டுவார். அம்மா மறுநாளும் தாளை வைத்துப் பார்த்துத்தான் குக்கரை ஓடவிடுவார். எனக்குத்தான் கோபம் கோபமாக வரும்.

போன மாதம் கயல்விழியின் பிரசவத்துக்கும் ஆபரேஷன்தான் என்றானது. அதே மருத்துவமனைதான். குக்கர் இப்போது கண்ணாடிச் சுவருக்கு அப்பால் போய்விட்டது; அந்த மணம் வெளியே வருவதில்லை. ஓய்வுபெற்ற அம்மாவின் சேலையிலும் வெறும் சோப்பு வாசனைதான். அத்தை இந்த முறையும் ஜோசியர் குறித்த நேரத்தைச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். கயல்விழி நர்ஸைக் கூப்பிட்டாள்.

"நேரம் கெடக்கட்டும் சிஸ்டர். இன்னைக்குத் தாளு நடுவுல கறுத்துச்சான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அத்தை என் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்களே ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருங்க மதினி."