தொப்புளில் ஒன்று, வலப்பக்கம் ஒன்று

"வெறும் வாயுதாம்மா. மருந்து எழுதியிருக்கேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர். தென்னூரில் ஒரு தனியார் மருத்துவமனை. நடைபாதை பெஞ்சில் என் மகள் பெர்னா முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தாள். பதினோரு வயது. பேச்சு கிடையாது. டாக்டர் வயிற்றைத் தொடப் போனபோது எட்டி உதைத்திருந்தாள்.

"பெரிய வலின்னா இந்நேரம் கத்தித் தீர்த்திருப்பா. இவ அழவே இல்லையே" என்றார். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும் போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் வயிற்றில் இரண்டு பிளாஸ்திரிகள் இருந்தன. அவளே ஒட்டிக்கொண்டவை. "காயமா?" என்று கேட்டார். "இல்லைங்க, வலிக்குதுன்னு சொல்றா" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். பேசாத பிள்ளையை வளர்க்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்தச் சிரிப்பு உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும்.

பெர்னாவுக்கு ஆட்டிசம் (மற்றவர்களோடு பேசிப் பழகுவதும் புலன்கள் உணர்வதும் வேறுவிதமாக அமையும் வளர்ச்சி நிலை) என்று மூன்று வயதில் சொன்னார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லாத உறவுக்காரர் இல்லை. பொன்மலை ரயில்வே குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஸ்ரீரங்கத்தில் உள்ள சிறப்புப் பள்ளிக்கு அவளைத் தினமும் கூட்டிப் போகிறேன். அங்கே வைதேகி மிஸ் படம் போட்ட அட்டைகளால் பேசக் கற்றுக்கொடுக்கிறார். தண்ணீர் வேண்டுமானால் தண்ணீர் அட்டை, போதும் என்றால் அதற்கு ஓர் அட்டை.

எல்லாம் வந்தது. 'வலி' மட்டும் வரவில்லை. தண்ணீரைக் காட்டிக் கற்றுக்கொடுக்கலாம். வலியை எப்படிக் காட்டுவது? கிள்ளியா சொல்லிக்கொடுக்க முடியும்? அதனால் அவள் எப்போதாவது கீழே விழுந்து சிராய்த்துக்கொண்டால், உடனே அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி, அழுகிற முகம் போட்ட வலி அட்டையை அவள் கையில் வைக்கச் சொன்னார் மிஸ். அப்படியே செய்தோம். மகராசி அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிளாஸ்திரியைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு பார்க்க வேண்டுமே. பொம்மைக்கு ஒன்று, பீரோவுக்கு ஒன்று, அவள் அப்பா சைக்கிளுக்கு ஒன்று. ஒட்டிவிட்டு நாங்கள் பார்க்கிறோமா என்று திரும்பிப் பார்த்துக் கைதட்டுவாள். "தப்பாப் பதிஞ்சிடுச்சும்மா. வெளியில யாருக்குப் பிளாஸ்திரி புரியும்? அதை மறக்கடிச்சுட்டு அட்டைக்குக் கொண்டுவரணும்" என்றார் மிஸ். பிளாஸ்திரி டப்பாவைப் பீரோ மேல் வைத்தோம்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் இட்லியைத் தள்ளிவிட்டாள். நான் அடுப்படியில் இருந்தபோது நாற்காலி போட்டு ஏறி டப்பாவை எடுத்திருக்கிறாள். தொப்புள் மேல் ஒன்று. விளையாட்டு என்றுதான் நினைத்தேன். மத்தியானம் உடம்பு சுட்டது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வலப்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே, இன்னொன்று. என்னைப் பார்க்கவில்லை, கைதட்டவில்லை. சட்டையை இழுத்து மூடிக்கொண்டாள். உடனே ஆட்டோ பிடித்தேன்.

பணிமனையிலிருந்து என் கணவர் சேவியர் கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தார். மருந்துச் சீட்டைப் பார்த்தார். "டாக்டரே ஒண்ணுமில்லைங்கிறாரு. வா, போலாம்."

"நான் வரல."

"புடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்காத, ஸ்டெல்லா."

"நிப்பேன். இவளுக்காக வேற யாருங்க நிப்பா?"

அப்போது வார்டிலிருந்து வெளியே வந்த அறுவை சிகிச்சை டாக்டரம்மாவை வழி மறித்தேன். மரியாதையாகத்தான். ஆனால் மறித்தேன். பிளாஸ்திரிக் கதையை மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பெஞ்சருகே குனிந்து, அவளைத் தொடாமல், சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். சிரிக்கவில்லை.

"ரெண்டுல எதும்மா முதல்ல ஒட்டினது?"

"தொப்புள்ல இருக்கிறதுங்க. காலைல. கீழ இருக்கிறது மத்தியானம்."

"பெரியவங்களே இவ்வளவு சரியாச் சொல்ல மாட்டாங்க" என்றார் டாக்டர். "வலி தொப்புள்ல ஆரம்பிச்சு வலப்பக்கம் எறங்கியிருக்கு. உடனே ஸ்கேன் எடுக்கணும்."

குடல்வால் அழற்சி (பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கும் சிறு வால் போன்ற பகுதி வீங்கிச் சீழ் பிடிப்பது). வெடித்தால் வயிறு முழுக்க நஞ்சு பரவும், காத்திருக்க முடியாது என்று அன்று மாலையே உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கு வெளியே சேவியர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவ சொல்லியிருக்கா, ஸ்டெல்லா. நம்மகிட்ட சொல்லியிருக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஜெபமாலையை உருட்டினேன், எந்த மணியில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

வெடிப்பதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். பிழைத்தாள்.

பார்க்க வந்த வைதேகி மிஸ்ஸிடம் கொஞ்சம் சூடாகவே சொன்னேன்: "அட்டைய மாத்துங்க மிஸ். அவளை மாத்தாதீங்க." அவர் கோபப்படவில்லை. இப்போது பள்ளியில் அவளுடைய வலி அட்டையில் அழுகிற முகம் இல்லை, பிளாஸ்திரிதான் இருக்கிறது. உங்கள் பிள்ளையும் வலியை ஏதோ ஒன்றால் சொல்லிக்கொண்டிருக்கலாம். அது என்ன என்று பார்த்து, வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

தையல் பிரித்தாயிற்று, தழும்பும் மங்கிவருகிறது. எனக்குத்தான் காலம் பின்னோக்கி நடக்கிறது. போன வாரம் எனக்குப் பல்வலி வந்தது. "பல்லு வலிக்குதுங்க" என்றேன். சேவியர் மாத்திரை வாங்கி வந்தார், வலி அடங்கியது. அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. பெர்னா ஐந்து வயதில் ஒரு வாரம் முழுக்கச் சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தாள். பிடிவாதம் என்றோம். இந்த மாதிரிப் பிள்ளைகள் அப்படித்தான் என்றார்கள். சுவரில் தலையணை கட்டினோம். ஒரு நாள் தானாகவே நிறுத்திவிட்டாள், எல்லாரும் நிம்மதியானோம்.

அந்த வாரம் அவளுக்கு எங்கே வலித்தது?