அய்யாவுவின் எண்ணெய்க் குளியல்

சாஆ என்ற சிறு பட்டணத்தில் அய்யாவுவைப் போல் அழுக்கை வெறுத்தவர் வேறு எவரும் இல்லை. முப்பது வருஷம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். வீடு திரும்பினால் முதலில் லாரிக்குக் குளியல், பிறகு தனக்கு. அவர் குளித்த தண்ணீரால் சிகாமட் ஆறு இரண்டு முறை கரை புரண்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், ஒரு முறைதான்.

சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, டயாலிசிஸுக்காக அவர் கழுத்தடியில் ஒரு குழாயைச் சொருகினார்கள். பிரேமலா மிஸ்ஸி, டயாலிசிஸ் சென்டரின் தாதி, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கட்டு நனையக் கூடாது, தலைக்கு ஊற்றவே கூடாது, குழாய் வழியே கிருமி ரத்தத்தில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

நான்கு மாதம் ஈரத்துணியால் துடைத்தே காலம் தள்ளினார். தன் தலை நாற்றம் தனக்கே குமட்டுகிறது என்று சோற்றைத் தள்ளி வைத்தார். தீபாவளியன்று பொறுக்கவில்லை. மனைவி செல்லம் நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, மூன்று வாளி ஊற்றினாள். கட்டு ஊறிப்போனது. மகளின் ஹேர் டிரையரால் அதைக் காயவைத்து, மேலே புதிய பிளாஸ்டர் ஒட்டினார்கள்.

மூன்றாம் நாள் சென்டருக்குப் போகும்போதே பல் கிட்டும் நடுக்கம். பிரேமலா கட்டைப் பிரித்தார். மஞ்சள் சீழ், அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு, ஓரத்தில் சீயக்காய்த் தூள். அந்த வாடைக்குச் சுவர்க் கடிகாரமே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“தலைக்கு ஊத்துனீங்களா அங்கிள்?”

“இல்ல மிஸ்ஸி. வேர்வை லா.”

“உங்களுக்குச் சீயக்காயா வேர்க்குது?”

செல்லம் வாய் திறக்கப் பார்த்தாள். அய்யாவு அவளை முறைத்தார்.

“கிருமி ரத்தத்துல ஏறியிருக்கும்னு நெனைக்கிறேன். நடந்தத மறைச்சீங்கன்னா டாக்டர் என்னான்னு பார்ப்பாரு?”

தன் கழுத்திலிருந்து வந்த வாடையை அய்யாவு அப்போதுதான் முகர்ந்தார். இரண்டு முறை ஓங்கரித்தார்.

“குளிச்சேன் மிஸ்ஸி. அவளத் திட்டாதீங்க. நாந்தான் ஊத்தச் சொன்னேன்.”

ஆஸ்பத்திரியில் குழாயைப் பிடுங்கினார்கள். ரத்தத்தில் கிருமி இருந்தது. நாள் தவறாமல் ஊசி மருந்து ஏறிய பிறகுதான் காய்ச்சல் இறங்கியது. கழுத்தின் மறுபக்கத்தில் புதுக் குழாய் ஏறியது.

அன்று சாயங்காலம் செல்லம் ஈரத்துணியோடு கட்டிலருகே வந்தாள்.

“தள்ளி நில்லு. கைய சோப் போட்டுக் கழுவுனியா?”

“கழுவிட்டேங்க.”

“இன்னொரு தடவ கழுவு. அதுவரைக்கும் நாறிக்கிட்டே கெடக்கேன்.”