பத்தியம் இருந்த ஆடு

எங்கள் வீட்டில் ஒரு கோடை முழுக்க ஓர் ஆடு பத்தியம் இருந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு எதெல்லாம் ஆகாது என்பார்களோ, அதெல்லாம் அந்த ஆட்டுக்கும் ஆகாது என்று என் மாமியார் தீர்மானித்துவிட்டார். பனியில் நனைந்த தழை கூடாது, புளிப்பு கூடாது, சூடு கூடாது, கண்ட இடத்தில் வாய் வைக்கக் கூடாது. அவ்வப்போது பூண்டையும் பெருங்காயத்தையும் நசுக்கி, உருண்டை பிடித்து, அதன் கடைவாயில் திணிப்பார். ஆடு அவரை ஒரு பார்வை பார்க்கும். பிள்ளை பெற்ற புதிதில் அதே உருண்டையைத் தின்றவள் நான் என்பதால், அந்தப் பார்வையின் பொருள் எனக்கு நன்றாகவே புரியும்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எல்லைக் கோடு எங்கே விழும் என்று தெரியாமல் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். நாங்கள் தமிழ் பேசுகிறவர்கள். சந்தையிலும் தாலுகா ஆபீசிலும் தெலுங்கு பேசுவோம். ஊர் எந்தப் பக்கம் போகும் என்று ஆண்கள் வாய் ஓயாமல் சண்டை போட்டார்கள். என் வீட்டுக்காரர் ரேணிகுண்டாவில் ரயில்வே கலாசி, கடைநிலைத் தொழிலாளி. வாரக் கடைசியில் வருவார். வந்ததும் வராததுமாக அந்தப் பேச்சில் போய் உட்கார்ந்துவிடுவார்.

எனக்கு அது முதல் பிரசவம். பெண் குழந்தை. பிறந்த சில நாளில் எனக்கு விஷக் காய்ச்சல் வந்து, பிழைத்து எழுந்தபோது பால் வற்றிவிட்டது. பசும்பால் கொடுத்துப் பார்த்தோம். உள்ளே போனது எல்லாம் அப்படியே வெளியே வந்தது. புத்தூர் டாக்டர் ஆட்டுப்பாலைத் தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். மாமியாரிடம் சில ஆடுகள் இருந்தன. அவற்றில் கறுப்பு ஆடு ஒன்று அப்போதுதான் ஈன்று, குட்டி தங்காமல் போயிருந்தது. அதன் பாலைச் சங்கில் ஊற்றிக் கொடுத்தோம், குழந்தைக்கு ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து என் மகள் உயிரோடு இருப்பது அந்த ஆட்டின் மடியைப் பொறுத்தது என்றாகிவிட்டது. ஆட்டுக்குப் பத்தியம் வந்தது அதனால்தான்.

வெயில் ஏறியது. மலையடிவாரத்தில் புல் கருகி, ஏரி வெடித்து, வேலங்காய்கூடக் கிடைக்காமல் போயிற்று. மற்ற ஆடுகள் ஊர் சுற்றி எதையாவது பொறுக்கித் தின்றன. கறுப்பு ஆடு மட்டும் கட்டின இடத்தில் நின்று, என் மாமியார் பார்த்துப் பார்த்துப் போட்ட காய்ந்த ஆச்சா மரத்து இலையை மென்றது. முதலில் ஒரு சொம்பு நிறையக் கறந்த ஆடு, பிறகு அரைச் சொம்பு, பிறகு அடியில் கொஞ்சம் என்று இறங்கியது. நான் பாலில் தண்ணீரைக் கூட்டினேன். குழந்தை சங்கைக் கண்டதும் துள்ளுவாள், இரண்டு மடக்கு குடித்ததும் ஏமாந்துபோய்க் கத்துவாள். அப்புறம் கத்துவதையும் குறைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் மாம்பழம் வந்தது. எங்கள் ஊருக்கு வெளியே, புத்தூர் ரோட்டின் மேல், தெலுங்குக்காரர் ஒருவர் கொட்டகை போட்டு மாம்பழத் தாண்ட்ரா செய்துகொண்டிருந்தார். பழத்தைப் பிழிந்து, சாற்றை வெல்லத்தோடு பாயில் தடவி, அடுக்கு அடுக்காகக் காயவைத்து, வெட்டித் திருப்பதிக்கு அனுப்புவார். மலைக்கு வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள். சாறு திருப்பதிக்குப் போகும், தோலும் கொட்டையும் எங்களோடு இருக்கும். கொட்டகைக்குப் பின்னால் அது ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து, புளித்து, ஈ மொய்த்துக் கிடந்தது. காற்று திரும்பினால் ஊரே மூக்கைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் அந்தக் குவியலைச் சுற்றி மேய்ந்த கொட்டகைக்காரரின் ஆடுகளைப் பார்த்தேன். ஊர் ஆடெல்லாம் விலா எலும்பு தெரிய நடக்கும்போது, அவை மட்டும் மொழுமொழுவென்று இருந்தன. இதைக் கண்டுபிடிக்க யாரும் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன்.

"அத்தே, தோலு சும்மாதான் கெடக்குது. ஒரு கூடை கொணாந்து போட்டா ஆடு பால் வெக்கும்."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "மாங்கா தோலா? பால் குடுக்கிற ஆட்டுக்கா? உனக்கு புத்தி கித்தி கீதா? மாம்பயம் சூடும்மே. ஆடு துன்னா பால்ல எறங்கும். கொயந்தைக்கு வவுத்தால போவும்."

என் மாமியாருக்கும் மாம்பழத்துக்கும் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். திரும்பின பக்கமெல்லாம் மாந்தோப்பு இருக்கிற சீமையில் மாம்பழம் தின்னாத ஒரே மனுஷி அவர்தான். யாராவது கேட்டால் ஏழுமலையானுக்கு விட்டுவிட்டேன் என்பார். அப்படிச் சாமிக்கு ஒரு பழத்தை விடுகிற வழக்கம் எங்களிடம் உண்டு. கெட்டிக்காரர்கள் பாகற்காயை விடலாமா என்று யோசிப்பார்கள். இவர் போயும் போயும் மாம்பழத்தை விட்டிருக்கிறாரே என்று நான் கல்யாணமாகி வந்த புதிதில் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

அந்த வாரம் வீட்டுக்காரர் வந்தபோது அவரிடம் முறையிட்டேன். மாமியாரும் முறையிட்டார். அவர் இரண்டு பக்கத்தையும் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"எல்லை கமிசன்காரங்க ஊர் ஊரா வந்து கேட்டுக்கினு போவாங்களாம். நம்ம ஊரு நெலமை இன்னும் ஒண்ணும் புரியல" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "ஊர் எல்லைய அப்பறம் பாத்துக்கலாம். உங்க அம்மாவுக்கும் எனக்கும் நடுவுல மொதல்ல ஒரு கோடு போடுங்க. ஆடு எந்தப் பக்கம்னு சொல்லிட்டு ரயிலேறுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பின்னால் அந்த எல்லையும் முடிவாயிற்று. திருத்தணி மதராஸ் பக்கம் போக, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். அதுவரை காத்திருக்க என் மகளுக்குத் தெம்பு கிடையாது.

மறுநாள் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஒளிந்து மறைந்து அல்ல, மாமியார் பார்க்கத்தான் போனேன். கொட்டகைக்காரர், குப்பையை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வந்ததே என்று கும்பிடாத குறை. "தீஸ்கோம்மா, அந்தா தீஸ்கோ" என்று, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, குவியலையே எனக்கு எழுதிவைப்பதுபோல் கையை நீட்டினார். அடியில் புளித்துக் கிடந்ததைத் தொடாமல், அன்றைக்குப் பிழிந்த பழத்தின் தோலாகப் பார்த்து அள்ளினேன். கொட்டையை எடுக்கவில்லை, தொண்டையில் மாட்டினால் ஆடே போய்விடும்.

திரும்பி வந்தால் மாமியார் ஆட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆடு கூடையைப் பார்த்துக் கயிற்றை இழுத்தது. அவர் நகரவில்லை.

"நான் உசுரோட கீற வரைக்கும் அத இதுங்கிட்ட கொண்டாராத" என்றார்.

"அப்ப என் பொண்ணு உசுரோட இருக்க வேணாமா? அது செத்தாத்தான் உங்க பத்தியம் முடியுமா?" என்று கத்தினேன். பெரியவர்களிடம் பேசுகிற பேச்சல்ல. அன்றைக்கு எனக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. உள்ளே தூளியில் குழந்தை முனகிக்கொண்டிருந்தாள்.

அவர் திருப்பிக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு மொத புள்ள உன் ஊட்டுக்காரன் இல்ல" என்றார். "அவனுக்கு முன்ன ஒரு பையன். எங்கம்மா ஊட்டுல இருந்தேன். மாம்பய காலம். எங்க நைனா தோப்புலருந்து கூடையா எறக்கிக்கினு இருந்தாரு. ஆசை தாங்காம துன்னேன்மே, குந்திக்கினு துன்னேன். மறுநாளு புள்ளைக்கு வவுத்தால போவ ஆரமிச்சுது. நிக்கவே இல்ல. கையிலயே போயிட்டான்."

நான் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"எங்க மாமியா வந்து எல்லார் முன்னாலயும் கேட்டா. 'நாக்குக்காக புள்ளைய துன்னுட்டியேடி'ன்னா. எம்பாலுதான் வெசமாச்சு. அன்னிக்கு உட்டதுதான் மாம்பயம். சாமிக்கு உட்டேன்னு சொன்னா யாரும் மேல கேக்கமாட்டாங்க."

இது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. தனக்கு முன்னால் ஒருவன் பிறந்து போனான் என்பதே அவருக்கு நான் சொல்லித்தான் பின்னால் தெரிந்தது. எனக்கு அந்த நேரத்தில் மாமியார் மேல் இருந்த கோபம் போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. ஒருவேளை அவர் சொல்வது நிஜமாக இருந்தால்? கூடையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, கொண்டுபோய்க் கொட்டவும் தோன்றவில்லை.

கடைசியில் அவரே எழுந்தார். ஆட்டின் மடியைத் தடவிப் பார்த்தார். தோல் பை மாதிரி தொங்கியது. உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"போடு" என்றார். "ஆனா அந்தப் பால மொதல்ல நான் குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னாதான் கொயந்தைக்கு."

"சாமிக்கு விட்டதாச்சே அத்தே?"

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ போடு."

ஆடு அந்தத் தோலைத் தின்ற வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பத்தியத்தை எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடுவதுபோல் தின்றது. நான் பயந்து பாதியை எடுத்து வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறையில் காயவைத்தேன். மாமியார் அதோடு வேர்க்கடலைக் கொடியைக் கலக்கச் சொன்னார். வெறும் தோலைத் தின்றால் வயிறு உப்பும் என்றார், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

மறுநாள் கறந்த பாலில் சரிபாதியை மாமியார் குடித்தார். இருந்ததே கொஞ்சம். என் குழந்தையின் வாயில் போக வேண்டியது அவர் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாம்பழ வாசனை வருகிறதா என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மருந்து குடிப்பதுபோல் குடித்துவிட்டு, பொழுது சாய்கிற வரைக்கும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் கறந்ததைக் காய்ச்சி, அவரே சங்கில் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுத்தார். ஒவ்வொரு மடக்குக்கும் நிறுத்தி, குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.

அதன் பிறகு அவர் குழந்தையை விட்டு நகரவில்லை. துணியை அவிழ்த்து அவிழ்த்துப் பார்ப்பார், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். குழந்தைக்கு வயிற்றால் போகவில்லை. பால் ஏறியது. முதலில் அரைச் சொம்பு, பிறகு முக்கால் சொம்பு. நான் தண்ணீரைக் குறைத்தேன். ஒரு நாள் குழந்தை வயிறு முட்டக் குடித்துவிட்டு, சங்கைத் தட்டிவிட்டு, கடைவாயில் பாலோடு தூங்கிப்போனாள். பிறந்ததிலிருந்து அவள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது, அழுதேன்.

மாம்பழக் காலம் முடிகிறவரை நானும் மாமியாரும் தினமும் தோல் காயவைத்தோம். மற்றவர்களும் கூடை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போக ஆரம்பித்தார்கள். குவியல் குறைந்தது, ஊர் மூக்கை விட்டுவிட்டது. குழந்தையின் தொடையில் மடிப்பு விழுந்தது. மாமியார் அந்த மடிப்பில் விரலை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். ஆட்டுக்குக் கொடுத்துவந்த பூண்டு உருண்டையை மட்டும் அவர் கடைசிவரை நிறுத்தவில்லை.

பருவம் முடியப் போகிற நாட்களில் ஒரு முற்பகல், பாறையின் மேல் இருவரும் தோலைப் பரப்பிக்கொண்டிருந்தோம். குழந்தை பக்கத்தில் நிழலில் கிடந்தாள். காய்ந்த தோல் ஒன்று கையில் கிடைத்து, அதைச் சப்பிக்கொண்டிருந்தாள். நான் பிடுங்கப் போனேன். மாமியார் என் கையைத் தடுத்தார்.

"சப்பட்டும் உடு" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப அது மாம்பயம் இல்லியாம்மே?"

"இல்ல அத்தே" என்றேன். "மாம்பழம் இல்ல. நீங்க இல்ல."

அழுவார் என்று எதிர்பார்த்தேன், அல்லது பெருமூச்சாவது விடுவார் என்று. அவர் கையிலிருந்த தோலைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அப்ப இன்னாத்தாலம்மே செத்தான்?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் காய்ந்துவிட்ட தோலை இருவரும் மறுபக்கம் திருப்பிப் போட்டோம்.