சஷ்டி விரதமும் ஒன்றரைக் கிலோவும்

அப்போது என் எடை தொண்ணூற்றொரு கிலோ. உயரமோ ஐந்தடிகூட இல்லை. சர்க்கரை இருந்தது, மல்லாந்து படுத்தால் மூச்சு அடைக்கும். திருப்போரூர் முருகன் சந்நிதிக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவேன். வயிற்றைச் சுருக்கி ஆபரேஷன் செய்யாவிட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? மகன் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். அந்த ஆபீஸ் இன்சூரன்ஸில் பெற்றோருக்கும் இடம் உண்டு. அதைத்தான் மலைபோல் நம்பினோம்.

இன்சூரன்ஸ்காரர்கள் சும்மா கொடுப்பார்களா? ஆறு மாதம் டயட் இருக்க வேண்டும், மாதாமாதம் ஆஸ்பத்திரியில் எடை போட வேண்டும். அப்படியும் கடைசி மாதம் தொண்ணூறுக்குக் கீழே இறங்காமல் இருந்தால்தான் ஒப்புதல். ஐந்து மாதம் கோதுமைக் கஞ்சி குடித்தேன். உடம்பு அரைக் கிலோகூட அசையவில்லை.

ஆறாவது மாதம் ஐப்பசி. எடை போடும் நாள் சூரசம்ஹாரத்துக்கு மறுநாளாக அமைந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் சஷ்டி விரதத்தை விட்டதில்லை. அந்த வருஷம் முருகன் காலைப் பிடிக்க வேண்டிய காரியமும் இருந்தது. ஒப்புதல் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடப்பா என்று ஆறு நாளும் பாலும் பழமுமாகவே கிடந்தேன். சாமி காரியம் வேறு, ஆஸ்பத்திரி காரியம் வேறு என்றே இருந்துவிட்டேன்.

மறுநாள் மெஷின்மேல் ஏறினேன். எண்பத்தெட்டரை. நர்ஸ் இறங்கி ஏறச் சொன்னாள். அதேதான்.

"இந்த வாரம் என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"சஷ்டிங்க சார்" என்றேன். அவர் பேனாவை மூடினார்.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஒன்றர கிலோதான சார்? அவ இடுப்புல கல்லு கட்டி ஏத்துறேன், எழுதிக் குடு சார்!"

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. "பொய் எழுத முடியாதுய்யா. மூணு மாசம் கழிச்சு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் மகன் கத்தினான். "யம்மா, ஆபரேசன் வேணும்னு வேண்டிக்கினு அதையே கெடுத்துக்கினியே! முருகன் உன்ன சோறு துன்னாதன்னானா?"

"வுட்றா, அவளுக்கு இன்னா தெரியும்" என்றார் வீட்டுக்காரர். எனக்காகப் பேசியதுதான். ஆனாலும் அந்தச் சொல்தான் அதிகம் சுட்டது.

போன எடை பத்தே நாளில் திரும்பி வந்துவிட்டது. மூன்று மாதம் முடிவதற்குள் மகன் ஆபீஸில் ஆள் குறைத்தார்கள். அவன் கழுத்து அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த அன்றே எங்கள் இன்சூரன்ஸும் போயிற்று. அடுத்துக் கிடைத்த வேலையில் பெற்றோருக்கு இடமில்லை.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறேன். கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது. ஐப்பசி பிறந்தால் வீட்டில் யாரும் சஷ்டிப் பேச்சை எடுப்பதில்லை. நானே காலண்டரைப் பார்த்து, பாலும் பழமும் வாங்கிவரச் சொல்வேன். வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் பையை எடுத்துக்கொண்டு போவார். விரதத்தை விட மனசு வரவில்லை. முருகனிடம் எதையும் கேட்கத்தான் நாக்கு எழுவதில்லை.