கடல் இருக்கிற பக்கம் கிழக்கு

எனக்கு இடது வலது சட்டென்று வராது. இருபது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக நின்று, விசில் ஊதி, ‘லெஃப்ட் ரைட்’ சொல்லி அணிவகுப்பு நடத்தியவள் இப்படிச் சொல்வது வெட்கக்கேடுதான். ஆனாலும் உண்மை. தூத்துக்குடியிலும் சரி, நான் பிறந்த நாசரேத் பக்கத்துப் பனங்காட்டு ஊர்களிலும் சரி, நாங்கள் சோற்றுத் தட்டைக்கூட ‘கொஞ்சம் மேக்க தள்ளு’ என்றுதான் சொல்வோம். என் அத்தை பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “வடக்கப் பக்கத்துக் கடவாப்பல்லு டாக்டர்” என்றாள். அவரும் இந்த ஊர்க்காரர். எந்தப் பல் என்று திருப்பிக் கேட்கவில்லை.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகச் சொல்லித் திரிந்த காலம் உண்டு. இப்போது சொல்வதில்லை. இந்தப் பழக்கத்தாலும் என் திமிராலும் ஒரு பெண்ணின் ஏழு வருஷத்தை நான் வீணாக்கினேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, மாநில அணிக்குப் போய், கடைசியில் இந்தியப் பெண்கள் அணிக்கு உதவிக் கோச் ஆனவள் நான். ரக்பியில் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர். முன்னால் முட்டி மோதிப் பந்தைப் பிடுங்குகிறவர்கள் எட்டுப் பேர், பின்னால் பரவி நின்று ஓடுகிறவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரின் நடுவில் நிற்பவர்கள் பன்னிரண்டாம் எண்ணும் பதிமூன்றாம் எண்ணும். எதிரி பந்தோடு வரும்போது உள்ளே நிற்கிற பன்னிரண்டு பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். வெளியே நிற்கிற பதிமூன்று அந்தக் குரலை நம்பி நகர வேண்டும். திரும்பிப் பார்க்க நேரம் கிடையாது. இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையச் சந்து விழுந்தால் கதை முடிந்தது.

ஒரு வருஷம், வெளிநாட்டில் நடக்கப்போகும் ஒரே ஒரு ஆட்டத்துக்காக அணியைத் தயார் செய்துகொண்டிருந்தோம். ஜெயித்தால் மேல் பிரிவில் நீடிப்போம், தோற்றால் கீழே இறங்குவோம். கேம்ப் நடக்க வேண்டிய ஊரில் மைதானம் கிடைக்காமல் போக, ‘எங்க ஊருக்கு வாங்க’ என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். பங்குனி வெயிலில் எல்லாரும் தூத்துக்குடிக்கு வந்து இறங்கினார்கள். தலைமைக் கோச் வடக்கத்திக்காரர், பட்டாளத்தில் இருந்தவர். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, “நடுக்களம் உங்க பொறுப்பு. பன்னிரண்டும் பதிமூன்றும் யாருன்னு நீங்க சொல்லுங்க. நான் கேள்வி கேட்கமாட்டேன்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த இரண்டு இடத்துக்கும் என் கையில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் இந்தக் கடற்கரைப் பிள்ளைகள், அக்கா தங்கச்சி மக்கள். மூத்தவள் துறைமுகத்துப் பக்கம், இளையவள் மணப்பாடு. இரண்டு பேரும் என் பள்ளிக்கூடத்தில் என்னிடமே பந்து பிடிக்கப் பழகியவர்கள். மூத்தவள் பன்னிரண்டு, இளையவள் பதிமூன்று. மூன்றாமவள் ஒடிசாக்காரி. அவளும் பன்னிரண்டாம் எண் ஆட்டக்காரிதான். முப்பதைத் தாண்டியவள், அணியிலேயே வயதில் பெரியவள், அதிகம் பேசாதவள். ஏழு வருஷமாக இந்திய அணியோடு போகிறாள், வருகிறாள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், கடைசிப் பத்து நிமிஷம் இறக்குவார்கள். அவள் போடுகிற ஜெர்சி எப்போதும் இருபத்திரண்டு. ஆட்டத்தைத் தொடங்குகிற பன்னிரண்டாம் எண் ஜெர்சியை அவள் ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

எங்கள் மைதானத்தின் ஒரு ஓரச் சுவரைத் தாண்டினால் உப்பளம், அதற்கப்பால் கடல். துறைமுகத்துக் கிரேன்கள் தலை தூக்கி நிற்பது தெரியும். முதல் இரண்டு நாள் பயிற்சியில் எல்லாரும் ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்று கத்தி ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மூத்தவளுக்குப் பொறுமை போய்விட்டது. எதிராளி பந்தோடு சுவர்ப் பக்கம் பாய்ந்தபோது, “ஏளா, கெழக்க! கெழக்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். இளையவள் நூல் பிடித்ததுபோல நகர்ந்து ஆளை மடக்கிப் போட்டாள்.

அதற்கப்புறம் அவர்களை யாராலும் தாண்ட முடியவில்லை. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், கீழே விழுந்து எழுந்தாலும், பாதி ஆட்டத்தில் முனை மாறினாலும் கிழக்கு கிழக்குதானே. ஒரு வாரத்தில் பஞ்சாப்காரியும் வங்காளத்துக்காரியும்கூட ‘கெழக்க, மேக்க’ என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். தலைமைக் கோச் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சு இந்திய அணிக்கே பாடம் எடுக்கிறது என்று வீட்டுக்குப் போய் அளந்தேன்.

ஒடிசாக்காரி மட்டும் ஒருநாள் பயிற்சி முடிந்து என்னிடம் வந்தாள். நாங்கள் பேசிக்கொள்வது அரைகுறை ஆங்கிலத்தில்தான்.

“மேடம், நாம போற ஊர்ல கிழக்கு எதுன்னு எப்படித் தெரியும்?”

“சூரியன் எல்லா ஊர்லயும் கிழக்கதாம்மா உதிக்கும்” என்றேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் போகவில்லை. பிள்ளைகள் நகர்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்: “இந்தத் தடவைக்கு மேல எனக்கு வேலையில லீவு தரமாட்டாங்க. இதோட நிறுத்திடுவேன். ஒரே ஒரு ஆட்டம் பன்னிரண்டு போட்டு இறங்கணும். ஊர்ல அம்மா போட்டோ கேட்டுட்டே இருக்காங்க.”

பார்க்கலாம் என்றேன். அந்தச் சொல்லை எதற்குச் சொல்வோம் என்று எல்லாருக்கும் தெரியும்.

இன்றுவரை என்னைக் குடைந்துகொண்டிருக்கிற விஷயம் இது. அவள் எப்படிப்பட்ட பன்னிரண்டு என்று எனக்குத் தெரியும். கத்தமாட்டாள். பதிமூன்றின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டுத் தன் ஆளைப் பார்க்கப் போவாள். வேகம் குறைவு, தப்பு அதைவிடக் குறைவு. அவளையும் இளையவளையும் சேர்த்து ஒரே ஒரு மாலை ஆடவிட்டுப் பார்த்தேன், நன்றாகவே ஆடினார்கள். ஆனால் எனக்கு என் இரண்டு பிள்ளைகளையும் ஜோடியாக அந்த ஜெர்சியில் பார்க்க வேண்டும். அந்த ஆசைக்கு ஆட்டத் திறமை என்று பேர் வைத்து, தலைமைக் கோச்சிடம் மூத்தவள் பேரையும் இளையவள் பேரையும் கொடுத்தேன். சொன்னபடி அவர் கேள்வி கேட்கவில்லை.

போன ஊரில் ஓயாத மழை. வானம் கறுத்து மூடிக் கிடந்தது. பஸ் மைதானத்துக்குள் நுழைந்ததும் ஓரக்கோட்டுக்கு அப்பால் கடல் தெரிந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“மேடம், அந்தா கெழக்கு!” என்றாள் இளையவள்.

“அதாம்மா, நம்ம ஊரு மாதிரியே அமைஞ்சுட்டு” என்றேன் நான்.

கடல் இருக்கிற பக்கம் கிழக்கு. பிறந்ததிலிருந்து எங்களுக்கு அப்படித்தான். சூரியன் எங்கே என்று பார்க்கச் சூரியன் இல்லை. என் கையில் போன் இருந்தது, அதில் திசைகாட்டியும் இருந்தது. அதைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவிடம் போய் நீ என் அம்மாதானா என்று யாராவது கேட்பார்களா, அந்த மாதிரி.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு அறையில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் ஒடிசாக்காரி, கையில் போனோடு நின்றாள்.

“மேடம், ஒரு விஷயம். பன்னிரண்டு பதிமூன்று பத்தி...”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மறுபடியும் இடம் கேட்டு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் குற்றம் குறுகுறுத்தவளுக்குத்தான் அவ்வளவு கோபம் வரும் என்று இப்போது புரிகிறது. “முடிவு எடுத்தாச்சும்மா. அது மாறாது. ஆடப்போற பிள்ளைங்களைக் குழப்பாதே, போய் ரெஸ்ட் எடு” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் அவள் வெளியிலேயே நின்றாள். பிறகு காலடிச் சத்தம் தேய்ந்து போனது.

ஆட்டம் சாயங்காலம் நான்கு மணிக்குத் தொடங்கியது. முதல் பாதியில் எங்கள் ஜோடி பிரமாதம். பதினான்குக்கு ஐந்து என்று முன்னால் நின்றோம். தலைமைக் கோச் என் தோளில் தட்டினார். பெஞ்சின் கோடியில் இருபத்திரண்டு ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் மழை மேகம் விலகியது. ஐந்து நாளாகக் காணாத சூரியன் வெளியே வந்தது. மைதானம் முழுக்க மஞ்சள் வெயில். சூரியன் கடலுக்கு மேலே, ஒரு ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலச் சூரியன், கடலில்.

அது மேற்கு. ஐந்து நாளாக நாங்கள் மேற்கைக் கிழக்கு என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேரும் ஒன்றுபோலத் தப்பாகக் கூப்பிட்டிருந்தாலும் பாதகமில்லை. ஆனால் மூத்தவள் சூரியனைப் பார்த்துவிட்டாள். அவள் உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டது. இளையவளுக்கு இன்னும் கடல்தான் கிழக்கு.

எதிரணி பந்தோடு பாய்ந்தது. “கெழக்க!” என்று மூத்தவள் கத்தினாள். அவள் கடலுக்கு எதிர்ப்பக்கம் நகர, இளையவள் கடல் பக்கம் ஓடினாள். நடுவில் லாரி போகிற அளவு வழி. எதிரணிப் பெண் யாரும் தொடாமல் ஓடிப்போய் எங்கள் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தாள். அதற்கும் பின்னால் அடித்த உதைக்கும் சேர்த்து ஏழு புள்ளி.

“கெழக்கன்னு சொன்னேம்லா! எங்கன போற நீ?”

“கெழக்கதானளா போனேன்! நீதான் மேக்க போற!”

நான் கோட்டோரம் ஓடிப்போய், “கெழக்கு மேக்க விடுங்க! லெஃப்ட் ரைட் சொல்லுங்க!” என்று கத்தினேன். காற்று கடலிலிருந்து அடித்தது, என் குரல் என் முகத்திலேயே வந்து விழுந்தது. அடுத்த பாய்ச்சலில் மூத்தவள் வாயைத் திறந்தாள், எந்தச் சொல்லும் வரவில்லை. அதே சந்து. பதினான்குக்குப் பத்தொன்பது. இளையவள் முட்டி போட்டு அழுதாள். என் பிள்ளைகள். நான்தான் அந்தச் சொல்லைக் கொண்டாடி, அவர்களைக் களத்துக்கு அனுப்பிவைத்தேன். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

பதினொரு நிமிஷம் மிச்சம் இருந்தது. மூத்தவளை வெளியே எடுத்து ஒடிசாக்காரியை இறக்கினேன். அவள் நேரே இளையவளிடம் போனாள், சட்டைக் கையைப் பிடித்துத் தூக்கினாள், நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இழுத்தாள், தள்ளினாள், தோளில் கை வைத்தாள். அந்தப் பதினொரு நிமிஷமும் அவர்கள் இருவருக்கும் நடுவில் எதிரணியால் நுழைய முடியவில்லை. எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, மூன்று புள்ளி. பதினேழுக்குப் பத்தொன்பது. விசில் ஊதிவிட்டார்கள்.

இரண்டே புள்ளி. இன்னும் பத்து நிமிஷம் முன்னால் அவளை இறக்கியிருந்தால் என்று தொடங்கி, அந்தக் கணக்கை நான் போடாத நாளில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். அவள் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். “கிழக்கு தப்பாயிட்டு” என்றேன்.

அவள் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். மைதானத்தில் நின்று எடுத்தது. திசைகாட்டியின் முள், கடல் பக்கம் மேற்கு என்று தெளிவாகக் காட்டியது.

“அன்னைக்கு இதைக் காட்டத்தான் உங்க ரூமுக்கு வந்தேன் மேடம்.”

“பிறகாவது சொல்லியிருக்கலாம்லா?” என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அப்போதும் பழியை அவள்மேல்தான் போடப் பார்த்திருக்கிறேன்.

“சொல்ல வந்தப்பவே இடம் கேட்டு வந்தேன்னு நினைச்சீங்க. அந்தப் பிள்ளைங்ககிட்டச் சொல்லலாம்னா, குழப்பாதேன்னு சொல்லியிருந்தீங்க.” போனை மூடி வைத்து, “கோபம் இல்ல மேடம்” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சொன்னபடி அவள் அதோடு நிறுத்திவிட்டாள். மூத்தவளும் இளையவளும் இப்போதும் ஆடுகிறார்கள். நான் மைதானத்தில் லெஃப்ட் ரைட் தவிர வேறெதையும் கத்த விடுவதில்லை. போன மாதம் ஒடிசாவிலிருந்து அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய போட்டோ, அதன் கீழே அவள் அம்மா சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். போட்டோவில் அவள் இளையவளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். முதுகில் இருபத்திரண்டு என்று இருக்கிறது.