வலைப் பெட்டியில் ஒரு நாகம்

சுனாமி எங்கள் வீட்டையும் மனைவியின் கைத்தறியையும் கொண்டுபோன பிறகு, கடலிலிருந்து தள்ளி வயலோரமாகப் போட்ட தகரக் கொட்டில்களில் ஒன்றில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். ஆயுள் முழுக்க விஞ்ஞானம் படிப்பித்த நான் அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்றேன்.

ஒரு நாள் எங்கள் அடுப்படியில் நாகம் ஒன்று வந்து சுருண்டது. வீட்டுக்குள் வந்த பாம்பை எங்கள் ஊரில் உடனே அடிக்கமாட்டார்கள். ஜின்னாகவும் இருக்கலாம் என்று மூன்று முறை போகச் சொல்வார்கள். மனைவி வாசலில் நின்று மரியாதையாக மூன்று முறையும் சொன்னாள். அது அசையவில்லை. அதற்குள் அக்கம்பக்கத்தார் தடிகளோடு வந்துவிட்டார்கள். நான் அவர்களை விலக்கி, வளைந்த கம்பியொன்றால் அதைத் தூக்கித் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கினேன். அதுவரை பாம்பைப் படத்திலும் ஆய்வுகூடப் போத்தலிலும் மட்டுமே கண்டவன் நான். 

காட்டோரம் கொண்டுபோய் விடச் சொன்னாள் மனைவி. வழியெல்லாம் சோதனைச் சாவடிகள், மூடிய பீப்பாவைத் திறக்கச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டேன். யுத்தம் முடிந்ததும் விடுகிறேன் என்றேன். காரணம் உண்மைதான். ஆனால் சாவடிகள் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பலகையில் பெட்டி செய்தேன். கடற்கரை ஆட்களுக்கு எதை மூடுவதானாலும் முதலில் கைக்கு வருவது வலைதான். நானும் பழைய நைலோன் வலையை மேலே இழுத்து அடித்தேன். காற்றுப் போகும், பாம்பு வராது என்று மனைவிக்கு உறுதி சொன்னேன். எலிகளைப் பொறியில் பிடித்துப் போட்டேன். ஒருமுறை அதன் கண்கள் பால்நிறமாயின. நோய் என்று பயந்து சாப்பிடாமல் கிடந்தேன். சில நாட்களில் அது சட்டை கழற்றியது. மூக்கு நுனியிலிருந்து வால்வரை எங்கும் கிழியவில்லை, கண்ணை மூடியிருந்த மெல்லிய செதில்கூட அப்படியே இருந்தது. அதைக் கையில் ஏந்திக் கொட்டில் கொட்டிலாகக் காட்டினேன். வகுப்பில் கேட்டதுபோல ஆட்கள் மறுபடி என்னிடம் கேள்வி கேட்டார்கள்.

பக்கத்துக் கொட்டில் மீனவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "சேர், இவருக்கும் நிவாரணக் காட் பதிஞ்சாச்சா? உங்களவிடக் கொழுத்துப்போய் இரிக்காரு."

யுத்தத்தின் கடைசி மாதங்களில், ஒரு பின்னேரம், அசர் தொழுகை நேரம். மனைவி தொழுகையில் நெற்றியைப் பாயில் வைத்திருந்தாள். நாகத்தின் தலையும் ஒரு முழ உடலும் வலைக்கு வெளியே நின்றன. செதில்கள் நைலோனில் மாட்டி, முன்னே வரவும் முடியாமல் பின்னே போகவும் முடியாமல் அது திணறியது. வாயகன்ற பிளாஸ்டிக் போத்தலொன்றை அதன் தலையில் கவிழ்த்துப் பிடித்தபடி, மனைவியின் நூல் கத்தரிக்கோலால் இறுகிய இழைகளை வெட்டி, அதை உள்ளே தள்ளிப் பெட்டிமேல் பலகை வைத்தேன்.  இன்று நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

தொழுது எழுந்தவள், பெட்டிக்கு ஏன் பலகை என்று கேட்டாள். குளிருக்கு என்றேன். மறுநாள் கம்பிவலை அடித்தபோது பழைய வலைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். இற்றுப்போய்விட்டது என்றேன்.

யுத்தம் முடிந்தது. கல்முனைத் தெருவில் வெடி கொளுத்தினார்கள். சில மாதங்களில் சாவடிகளில் மறிப்பதும் தளர்ந்தது. நாகம் பெட்டியிலேயே இருந்தது. ஒரு காலை, தேத்தண்ணீரை என் கையில் தந்துவிட்டு மனைவி கேட்டாள்.

"அண்டைக்கு நான் தொழக்குள்ள அது வெளிய வந்ததா?"

"இல்ல."

"தொழுகைய முடிச்சி வலப்பக்கம் திரும்பிச் சலாம் குடுக்கக்குள்ளயே கண்டன், உங்கட கையையும் அதையும். பாம்புக்கே மூணு தரம் சொல்லிப்போட்டுத்தான் அடிக்கிற. உங்களுக்கும் மூணு தரம் கேட்டுட்டன்."

தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தனை மாதங்கள் அவள் எப்படி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தூங்கினாள் என்று அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் நாகத்தை மறுபடி பீப்பாவுக்குள் இறக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். யாரும் மறிக்கவில்லை. வயல்களுக்கு அப்பால் பற்றையோரம் சரித்துவிட்டேன். நாகம் ஒருமுறை படமெடுத்து நின்றது. உடலில் ஒரு வடுவில்லை, எண்ணெய் பூசியதுபோல் மின்னியது. அது மறையும்வரை பெருமையோடுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தங்கை வீட்டு வாசலில் போய், விட்டுவிட்டேன் என்றேன். அவள் பாயை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். கம்பிவலையைத் தானே கழற்றினாள். பெட்டிக்குள் கையை விட்டு நான்கு மூலைகளையும் தடவிப் பார்த்தாள்.